திறந்த கோப்பின் மெமரி யார் கணக்கில்?

லினக்ஸ் சர்வர்களையும் அவற்றில் ஓடும் நிரல்களையும் அன்றாடம் பராமரிக்கும் நாங்கள், கெர்னலின் மெமரிப் பகுதியைப் பேணுவோர் முன் இந்தக் கோரிக்கைகளை வைக்கிறோம்.

மெமரி தீர்ந்துபோனால் யாரைக் கொல்வது என்று ஓஓஎம் கில்லர் புள்ளி போடுகிறது. புராசஸின் ஆர்எஸ்எஸ், ஸ்வாப்புக்குப் போன பக்கங்கள், பேஜ் டேபிள்கள் ஆகிய மூன்றும்தான் அந்தப் புள்ளி. அதன்மேல் நிர்வாகி வைக்கும் -1000 முதல் 1000 வரையிலான திருத்தம். மேப் செய்யாமல் வெறுமனே திறந்துவைத்திருக்கும் கோப்புகள் பிடித்திருக்கும் மெமரி இதில் எங்கும் வராது.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பாருங்கள். 2014-இல் 3.17 பதிப்போடு வந்த மெம்எஃப்டி வசதியில் ஒரு கோப்பைத் திறந்து, 2 ஜிபி தரவை எழுதிவிட்டு, மூடாமல் சும்மா இருங்கள். எம்மேப் வேண்டாம். டாப் கட்டளையில் அந்தப் புராசஸ் சில எம்பி மட்டுமே தின்னும் பரம சாதுவாகத் தெரியும். மெம்இன்ஃபோவின் ஷ்மெம் வரி மட்டும் 2 ஜிபி ஏறியிருக்கும். இந்நேரம் மெமரி தீர்ந்தால் அடிபடுவது பக்கத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ். அது செத்தும் அந்த 2 ஜிபி விடுபடாது. பிடித்திருப்பவன்தான் உயிரோடு இருக்கிறானே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! கேமராவும் ஜிபியுவும் கைமாற்றிக்கொள்ளும் டிஎம்ஏ-பஃப் இன்னும் மோசம்: அதன் பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ளவும் பெரும்பாலும் வழியில்லை.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: தன்னிடம் எத்தனை பக்கங்கள் இருக்கின்றன என்று ஒவ்வொரு கோப்பு வகையும் சொல்ல வேண்டும்; அது திறந்துவைத்திருப்பவரின் ஓஓஎம் புள்ளியில் சேர வேண்டும். 2022-இல் ஏஎம்டி தரப்பிலிருந்தே இப்படியொரு முயற்சி வந்தது, கெர்னலில் சேரவில்லை. அப்போதைய தயக்கம் நியாயமற்றது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எல்லா விண்டோக்களின் பஃபர்களும் டிஸ்ப்ளே சர்வரிடமும் திறந்திருக்கும். முழுச் சுமையையும் அதன் தலையில் கட்டினால் முதல் பலி அதுவே, திரையே போய்விடும். ஆனால் பகிர்ந்த மெமரியை வகுத்துக் காட்டுவது கெர்னலுக்குப் புதிதா என்ன? ஸ்மாப்ஸில் பிஎஸ்எஸ் பல ஆண்டுகளாக அதைத்தானே செய்கிறது! அதே முறையில் கோப்புகளுக்கும் பங்கு போடுங்கள். மெமரி தீர்ந்த நெருக்கடியில் எல்லா ஃபைல் டேபிள்களையும் துழாவச் சொல்லவில்லை. திறக்கும்போதும் மூடும்போதும் வளரும்போதும் கவுண்டரைத் திருத்திவந்தால் போதும்.

சிகுரூப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சமாளிக்க வேண்டாம். மெம்எஃப்டி பக்கங்கள் சிகுரூப் கணக்கில் ஏறுகின்றன, உண்மை. ஆனால் முதலில் தொட்டவரின் குழுவில் ஏறுகின்றன. குழு வரம்பைத் தாண்டியபின் உள்ளே யாரைக் கொல்வது என்பதற்கு மீண்டும் அதே ஆர்எஸ்எஸ் புள்ளிதான்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியும்படி காட்டுங்கள். ஜிபியு டிரைவர்கள் எஃப்டிஇன்ஃபோவில் மெமரி அளவைச் சொல்லும் பொது வடிவம் 2022-இலேயே வந்துவிட்டது. டிஎம்ஏ-பஃப்பும் தன் அளவைச் சொல்கிறது. மெம்எஃப்டியின் எஃப்டிஇன்ஃபோவைத் திறந்தால் பொசிஷன், ஃபிளாக், ஐநோடு எண் என்று வருமே தவிர பக்கக் கணக்கு வராது. வகைக்கொரு ஸ்கிரிப்ட் எழுதி ஓய்ந்துவிட்டோம். எல்லா வகைக்கும் ஒரே பெயரில் ஒரு வரி வேண்டும்.

யூனிக்ஸ் சாக்கெட் வழியே அனுப்பப்பட்டு, இன்னும் பெறப்படாமல் வரிசையில் கிடக்கும் கோப்புகளையும் விட்டுவிடாதீர்கள். அனுப்பியவர் தன் பக்கம் மூடிவிட்டால் அவை எவருடைய ஃபைல் டேபிளிலும் இருக்காது. பயனருக்கு எத்தனை கோப்புகள் இப்படி வழியில் நிற்கின்றன என்று கெர்னல் ஏற்கெனவே எண்ணுகிறது. மெமரியையும் சேர்த்து எண்ணி அனுப்பியவர் கணக்கில் எழுதுங்கள்.

இவற்றோடு, மேலே சொன்ன 2 ஜிபி சோதனை கெர்னலின் செல்ஃப்டெஸ்டுகளில் சேர வேண்டும்: டேட்டாபேஸ் பிழைத்து, மெம்எஃப்டியைப் பிடித்திருந்த புராசஸ் விழுந்தால் மட்டுமே அது தேர்ச்சி.