எரிவாயுப் பாதுகாப்பு: அறிவுரை போதாது, சட்டம் வேண்டும்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயலின் சீற்றத்தால் மகாவலி பெருக்கெடுத்துக் கம்பளை நகரை மூழ்கடித்ததை எவரும் மறந்துவிட முடியாது. வெள்ளம் வடிந்த பின்னர் சேறு படிந்த வீடுகளைக் கழுவித் துப்புரவு செய்த மக்கள், அடுத்ததாகத் தேடியது அடுப்பைத்தான். பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு ஆக்கியாக வேண்டுமே! நீரில் கிடந்த எரிவாயு சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் துடைத்தெடுத்து மீண்டும் பொருத்துவதைத் தவிர ஏழைக் குடும்பத்துக்கு வேறு என்ன வழி இருக்கின்றது? அந்த ரெகுலேட்டரின் உட்புறத்தில் சேறு புகுந்துள்ளதா, இறப்பர் வளையம் பழுதடைந்துள்ளதா என்பதைக் கண்ணால் பார்த்து அறிந்துகொள்ள முடியாது. இவ்விடத்தில் நாம் எழுப்ப விரும்பும் வினா ஒன்றுதான். சமையலறையின் பாதுகாப்பு யாருடைய பொறுப்பு?

இவ்வினா புதியதன்று. 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நாடெங்கும் எரிவாயுக் கசிவு, தீ, வெடிப்பு என நூற்றுக்கணக்கான சம்பவங்கள் பதிவாகின. உயிர்கள் பலியாகின. இல்லத்தரசிகள் அடுப்பைப் பற்றவைக்கவே அஞ்சினர். நிலைமையை ஆராய்வதற்கென மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் குழுவொன்று அன்றைய ஜனாதிபதியினால் நியமிக்கப்பட்டது. சிலிண்டரில் அடைக்கப்பட்ட வாயுக் கலவையின் விகிதாசாரம் மாற்றப்பட்டமையே பிரதான காரணம் என்பது அக்குழுவின் முடிவாக இருந்தது.

இதன் விஞ்ஞானம் எளிமையானது. நமது சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவமாகும். புரோப்பேன் பூச்சியத்துக்குக் கீழ் 42 பாகை செல்சியஸில் கொதிக்கும். பியூட்டேனோ ஏறத்தாழப் பூச்சியப் பாகையில்தான் கொதிக்கும். ஆகவே, புரோப்பேனின் அளவு கூடக்கூட சிலிண்டரினுள் அமுக்கமும் கூடும். குறைந்த அமுக்கத்துக்குப் பழகிய பழைய வால்வும் தேய்ந்த வளையமும் அதைத் தாங்காமல் கசியத் தொடங்கும். கசியும் வாயு காற்றைவிடப் பாரமானது என்பதால் தரையோடு தங்கி, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும்.

இத்தகைய ஆபத்தை ஏனைய நாடுகள் எவ்வாறு கையாண்டன என்பதை நோக்குவது பயனுள்ளது. அமெரிக்காவில் இயற்கை வாயு குழாய் வழியாக வீடுகளுக்குச் செல்கின்றது. குழாய் உடைந்து வாயு அளவுக்கு மீறிப் பாயும்போது தானாகவே மூடிக்கொள்ளும் சிறிய வால்வு ஒன்று அங்கு நீண்ட காலமாகவே பாவனையில் இருந்தது. எனினும், செலவைக் காரணம் காட்டி வாயு நிறுவனங்கள் தயங்கின. 1998இல் வெளியான விதி, அவ்வாறான வால்வு உண்டு என்பதை வாடிக்கையாளருக்கு அறிவித்தால் போதும் என்றே கூறியது. அதே ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்தின் சௌத் ரைடிங்கில் புதிய வீடொன்று வெடித்து ஒருவர் உயிரிழந்தார். அதனை விசாரித்த தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, புதிய இணைப்புகளில் வால்வைப் பொருத்துமாறு 2001இல் பரிந்துரைத்தது. 2006இல் நிறைவேறிய சட்டமே தனி வீடுகளின் புதிய இணைப்புகளுக்கு அதனைக் கட்டாயமாக்கியது. அடுக்குமாடி வீடுகளுக்கும் சிறு வர்த்தக நிலையங்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘அறிவித்தால் போதும்’ என்பதிலிருந்து ‘பொருத்தியே ஆக வேண்டும்’ என்ற நிலையை எட்டப் பல்லாண்டுகள் கடந்தன.

ஜப்பானிலோ வீட்டு வாயு மானியே காவலாளியாக விளங்குகின்றது. வலுவான நிலநடுக்கம் ஏற்பட்டால் அது வாயுவைத் தானாகத் துண்டித்துவிடும். பதறியோடும் மனிதர் அடுப்பை அணைக்க மறந்தாலும் கருவி மறப்பதில்லை.

எமது நாட்டில் வீடுகளுக்கு இயற்கை வாயுவைக் குழாய்வழி விநியோகிக்கும் கட்டமைப்பு இல்லை. ஆகவே இந்தப் பாடம் எமக்கு வேண்டியதில்லை எனச் சிலர் கருதலாம். அக்கருத்து தவறானது. சிலிண்டரிலிருந்து அடுப்புக்குச் செல்லும் ஒன்றரை மீற்றர் இறப்பர் குழாயும் ஒரு விநியோகப் பாதைதான். அது கழன்றாலோ எலி கடித்தாலோ வாயுவை உடனே நிறுத்தக்கூடிய ரெகுலேட்டர்கள் உலகச் சந்தையில் உள்ளன. அதேவேளை ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. பெருங்கசிவை நிறுத்தும் வால்வு, மெல்லிய கசிவை உணர்வதில்லை. 2021இல் மக்களை அச்சுறுத்தியவற்றுள் மெல்லிய கசிவுகளும் அடங்கும். எனவே தானியங்கி வால்வு, தரமான வளையமும் குழாயும், கசிவை மூக்குக்கு உணர்த்தும் மணமூட்டி, மாறாத கலவை விகிதாசாரம் ஆகிய நான்கும் ஒன்றாக உறுதிப்படுத்தப்பட வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

2021இல் மக்களுக்கு அறிவுரைகள் தாராளமாகவே கிடைத்தன. சவர்க்கார நீரைத் தடவிப் பாருங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள் என்றெல்லாம் கூறப்பட்டது. அவை நல்ல அறிவுரைகளே. ஆயினும், கலவையை மாற்றியவர் நுகர்வோர் அல்லர். அவர் அறியாத மாற்றத்தின் விளைவை அவரே கண்காணிக்க வேண்டும் என்பது எந்த வகையில் நியாயமாகும்? அடுத்த ஆண்டில் அதே மக்கள் வெற்றுச் சிலிண்டருடன் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். தட்டுப்பாட்டின் துயரத்தில் பாதுகாப்பு பற்றிய பேச்சு அடங்கிப்போனது.

நுகர்வோர் அதிகார சபையும் இலங்கை கட்டளைகள் நிறுவனமும் சந்தையில் விற்கப்படும் ஒவ்வொரு ரெகுலேட்டரும் குழாயும் தரச் சான்று பெற்றவைதானா என்பதை இறக்குமதித் துறையில் மட்டுமன்றி, கம்பளைக் கடைவீதியிலும் சோதிக்க வேண்டும். தானாக மூடும் வசதி கொண்ட ரெகுலேட்டர், காலவரையறை குறித்த சட்ட விதியாக்கப்பட வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய ரெகுலேட்டர்களை விநியோக நிறுவனங்களே மாற்றிக்கொடுக்க வேண்டும். அதன் செலவை அனர்த்தத்தில் அனைத்தையும் இழந்தவர் தலையில் சுமத்துவது மனிதாபிமானமாகாது.

பொது இடங்களின் நிலையும் கவனத்துக்குரியது. ரமழானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல்களிலும், அன்னதானம் சமைக்கும் கோயில் மடப்பள்ளிகளிலும், ஹோட்டல்களிலும் பேக்கரிகளிலும் பெரிய சிலிண்டர்கள் பயன்படுத்தப்படுகின்றன. அங்கே ஒரு விபத்து நேர்ந்தால் அது ஒரு குடும்பத்தோடு நின்றுவிடாது. நகர சபையும் பிரதேச சபைகளும் இவற்றை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். நிர்வாக சபைகள் அதற்குக் காத்திராமல் தாமாகவே முன்வந்து குழாய்களை மாற்றிக்கொள்வது சிறந்தது. ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவித்தல் போதும், ஊர் முழுவதும் செய்தி சென்றடையும்.

வெள்ளம் இயற்கையின் சோதனை. ஆனால், தேய்ந்த வளையமும் தரமற்ற குழாயும் இயற்கை தந்தவை அல்ல. அவற்றைத் தடுக்க மனிதரால் முடியும். மற்றோர் ஆணைக்குழுவை நியமிப்பதற்கு மற்றுமொரு வெடிப்பு வரை காத்திருக்காமல், அரசாங்கம் இப்போதே செயற்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.