'எஸ்' அடிக்கச் சொல்வது பாடம் ஆகாது

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர்களும், கணினி படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

என் அண்ணன் பேத்தி பொறியியல் கல்லூரியில் கணினிப் பிரிவு, இரண்டாம் ஆண்டு. போன வாரம் விடுமுறைக்கு வந்திருந்தாள். எங்கள் பள்ளியின் பழைய ஆண்டு மலர்களை ஸ்கேன் செய்து ஏற்றிவைக்க, என் பழைய மாணவன் ஒருவன் எங்கோ தொலைவில் உள்ள ஒரு கணினியை வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதற்குள் போக எஸ்எஸ்ஹெச் என்று ஒரு கட்டளை. கறுப்புத் திரையில் எழுத்தால் மட்டுமே பேச வேண்டும். ஒரு மாதமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அன்று அவளுடைய மடிக்கணினியிலிருந்து நுழைந்து காட்டச் சொன்னேன்.

கட்டளையை அடித்தாள். திரையில் மூன்று நான்கு வரிகள் வந்தன, கடைசியில் ஒரு கேள்வி. நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் 'எஸ்' என்று அடித்து, என் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே போய்விட்டாள்.

"என்னம்மா கேட்டுச்சு?"

"அது எப்பவும் கேக்கும் தாத்தா. எஸ் அடிச்சா போயிடும். லேப்ல அப்படித்தான் சொன்னாங்க."

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்தான் கோபம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். 'அது பரீட்சைக்கு வராது, எழுதிக்கிட்டு உட்காரு' என்று நானும் எத்தனையோ பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறேன்.

அந்தக் கேள்வி என்ன தெரியுமா? 'நீ போக நினைக்கும் கணினி இதுதானா என்று என்னால் உறுதி செய்ய முடியவில்லை. அதன் கைரேகை இது. தொடரலாமா?' இவ்வளவுதான். முதல்முறை ஒரு கணினியோடு தொடர்பு கொள்ளும்போது இது வரும். 'எஸ்' சொன்னால் அந்த அடையாளத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்தமுறை கேட்காமல் விடும். நாம் பேசுவது போலிக் கணினியோடு என்றால்? 'எஸ்' அடித்த அடுத்த நொடி கடவுச்சொல்லை நம் கையாலேயே அதற்குக் கொடுத்திருப்போம்.

அரசுப் பொதுத்தேர்வில் மேற்பார்வை பார்த்த ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வினாத்தாள் உறையைப் பிரிக்கும் முன் இரண்டு மாணவர்களைக் கூப்பிட்டு, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று காட்டிக் கையெழுத்து வாங்குவோம் அல்லவா? பிள்ளைகள் உறையைப் பார்க்கவே மாட்டார்கள், பதற்றத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். 'பாருடா, பார்த்துட்டுப் போடு' என்று நாம்தான் சொல்ல வேண்டும். 'பார்க்காதே, போடு' என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? கணினி ஆய்வகத்தில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எஸ்எஸ்ஹெச் பிறந்ததே கண்மூடி நம்பியதால் பட்ட அடியில்தான். அதற்கு முன் டெல்நெட் இருந்தது. அதில் கடவுச்சொல் அஞ்சலட்டையில் எழுதியதுபோல் திறந்தபடியே போகும், வழியில் இருப்பவர் யாரும் படிக்கலாம். 1995இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடினார்கள். அங்கிருந்த டாட்டு இலோனென் என்பவர் அதற்கு மாற்றாக எழுதியதுதான் இது. வழியில் யாரும் படிக்க முடியாது, எதிரில் இருப்பது யார் என்றும் சரிபார்க்கலாம். இந்த இரண்டாவது பாதியைத்தான் ஒரு 'எஸ்' போட்டுத் தூக்கி எறிகிறோம்.

இன்னொரு கொடுமையையும் அவளே சொன்னாள். அவள் போன ஒரு பயிற்சி மையத்தில், நுழைவதற்கான தனிச்சாவிக் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்களாம். வகுப்பு முழுவதற்கும் ஒரே சாவி, ஒரே பயனர் பெயர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இதில் சாவிகள் ஜோடியாக உருவாகும். ஒன்று பொதுச்சாவி. அது பூட்டு மாதிரி, எந்தக் கணினியில் வேண்டுமானாலும் கொண்டுபோய் மாட்டலாம், ஊரே பார்க்கலாம். மற்றது தனிச்சாவி. அது உங்கள் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது. ஆளுக்கு ஒரு ஜோடி உருவாக்க ஒரே கட்டளை போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தினார்கள்.

விளைவு? சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு ஒரு பெண்ணின் புராஜெக்ட் முழுவதும் அழிந்துபோனது. அழித்தது யார்? கணினியின் பதிவேட்டில் எல்லாரும் ஒரே பெயரில் ஒரே ஆள். 'நீயே தெரியாம அழிச்சிருப்பே' என்று அந்தப் பெண்ணிடமே சொல்லிவிட்டார்களாம். இல்லை என்று நிரூபிக்க அவளுக்கு வழியில்லை. சாவியைப் பொதுவில் போட்டவர் வாத்தியார், பழி சுமந்தது பிள்ளை.

சிலர் சொல்வார்கள்: 'சார், பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் இல்லை.' எஸ்எஸ்ஹெச் என்பதன் விரிவாக்கம் என்ன, எத்தனையாவது போர்ட் என்று மனப்பாடம் செய்ய வைக்க நேரம் இருக்கிறதே? 22 என்று எழுதினால் மதிப்பெண். 22இல் போய் யாரைப் பார்க்கிறோம் என்று தெரியாவிட்டால் பரவாயில்லையா?

இன்னும் சிலர்: 'தமிழ் வழியில் படித்த பிள்ளைகள், இங்கிலீஷில் வருவதைப் படிக்கமாட்டார்கள்.' இதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எல்எஸ், சிடி, பிடபிள்யூடி என்பதெல்லாம் எந்த ஊர் இங்கிலீஷ்? லண்டனில் பிறந்த பிள்ளையும் அவற்றைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். அந்த மூன்று வரி எச்சரிக்கையை ஒருமுறை தமிழில் விளக்கினால் ஆயுசுக்கும் மறக்காது. விளக்காதது நம் சோம்பல். அதற்குப் பிள்ளையின் மொழியைக் குறை சொல்லாதீர்கள்.

எனக்கும் ஆரம்பத்தில் திணறல்தான். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றை மாட்டிப் பார்த்தேன். பக்கத்தில் நிற்பவருக்கு எழுத்துகளின் எண்ணிக்கைகூடத் தெரியக்கூடாது என்பதற்காக அப்படி என்று யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் அரைநாள் மிச்சம். கைரேகைக் கேள்வி வந்தபோது என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் மாணவனுக்குப் போன் செய்தேன். அவன் எடுத்துச் சொன்ன 43 எழுத்துகளையும் நோட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் 'எஸ்' அடித்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன். இப்போது வரும் பதிப்புகளில் அந்தக் கேள்விக்கு எஸ், நோ தவிர மூன்றாவது விடை ஒன்றும் உண்டு. கைரேகையையே அடித்தால் கணினியே ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால்தான் மேலே போகும். கேள்வியின் கடைசியிலேயே அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறது. எத்தனை ஆய்வகங்களில் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்?

கணினி ஆசிரியர்களிடம் நான் கேட்பது மூன்றுதான். முதல் வகுப்பன்று ஆய்வகக் கணினியின் கைரேகையைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வரச்சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் சாவியைத் தானே உருவாக்கட்டும். 'கணினியின் அடையாளம் மாறிவிட்டது' என்று பெரிய எச்சரிக்கை வந்தால், பழைய பதிவை அழிக்கும் வழியை முதலில் சொல்லாதீர்கள். ஏன் மாறியது என்று கேட்கச் சொல்லுங்கள். கணினியைப் புதிதாக நிறுவியிருந்தாலும் அப்படி வரும், ஆனால் அதை நிர்வகிப்பவர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும்.

படிக்காமல் 'எஸ்' அடிக்கப் பழகிய விரல், நாளை வங்கியிலிருந்து பேசுகிறேன் என்பவனிடம் ஓடிபி எண்ணையும் அப்படித்தான் கொடுக்கும். பழக்கம் ஒன்றுதான்.

அன்று என் நோட்டைப் பேத்தியிடம் கொடுத்தேன். திரையை மேலே நகர்த்தி, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு தாத்தா."

"இருக்கட்டும். இல்லாம இருந்திருந்தா?"

பதில் சொல்லவில்லை. கடவுச்சொல்லை மாற்றும் கட்டளை என்ன என்று கேட்டாள். அப்படிக் கேட்கும் பிள்ளைதான் நமக்கு வேண்டும். கேட்கவிடுங்கள்.