பெயர் எழுதும் வேலை

சகோதரிகளே, முகாமில் இருந்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியலின் பெறுமதி தெரியும். ஒரே குடும்பம் மூன்று கொப்பிகளில் இருக்கும். தேவைப்பட்ட வீடு ஒன்றிலும் இராது.

2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின் நம் நாட்டு மென்பொருளாளர்கள் தொண்டாக ‘சஹானா’வை எழுதினார்கள். நிவாரணம் என்பதற்கான சிங்களச் சொல் அது. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், கேட்கப்பட்ட பொருட்கள் என ஒவ்வொன்றுக்கும் பதிவேடு. சில வாரங்களில் முதல் வடிவம் வந்தது. லங்கா சொப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. தலைமைத்துவம் என்று நான் சொல்வது அந்த முடிவைத்தான். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அங்குள்ளவர்களுக்கும் அது கைகொடுத்தது.

எங்கள் அக்குறணையிலும் பிங்கா ஓயா பெருகினால் கடைவீதிக்குள் வெள்ளம் வந்துவிடும். கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் கொப்பியும் பேனையுமாக வீடு வீடாகப் போங்கள். கைக்குழந்தை எத்தனை, தினமும் மருந்து எடுப்பவர் யார், வாய்திறந்து கேட்கத் தயங்கும் விதவைத் தாய் எந்த வீட்டில்? இதெல்லாம் தெரிந்தபின் கணினியைத் திறக்கலாம். அந்தப் பட்டியலை யார் யார் பார்ப்பார்கள் என்பதையும் அன்றே தீர்மானியுங்கள். தனித்து வாழும் பெண்ணின் முகவரி கண்டவர் கைக்கும் போகக்கூடாது.