பல நாட்டுச் சாப்பாடும் ஒரு சிறு அட்டையும்



விடுமுறைக்கோ, பிள்ளைகளைப் பார்க்கவோ சிங்கப்பூர் போய் வருபவர்கள் நம்மிடையே பலர். வந்ததும் அவர்கள் முதலில் புகழ்வது அங்குள்ள சாப்பாட்டைத்தான்.

புகழத் தக்கதுதான். சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே, 1908ல் தொடங்கிய ஸம் ஸம் உணவகத்தில் கொத்திறைச்சி, முட்டை, வெங்காயம் வைத்து மடித்த முர்தபாக் சுடச்சுடக் கிடைக்கும். அந்தப் பகுதியிலேயே துருக்கிக் கபாப், அரபுச் சாப்பாடு, இந்தோனேசிய நாசி பதாங் எல்லாம் உண்டு. தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துக் கிண்டிய 'காயா'வைப் பாணில் பூசிச் சாப்பிட்டால் நம் வட்டிலப்பம் ஞாபகம் வரும். 'ஹோக்கர் நிலையம்' எனப்படும் பொதுச் சாப்பாட்டுக் கூடங்களில் சீன, மலாய், இந்தியச் சமையல் யாவும் ஒரே கூரையின் கீழ் மலிவாகக் கிடைக்கும். இந்தக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020ல் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

ஆனால் அதே கூரையின் கீழ் பன்றியிறைச்சி விற்கும் கடையும் இருக்கும். பல இடங்களில் சாப்பிட்ட தட்டை வைக்கும் இடங்கூட ஹலாலுக்கு வேறு, மற்றதற்கு வேறு.

சில கடைகளில் 'பன்றியிறைச்சி இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை' என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அங்குள்ள கோழி முறைப்படி அறுக்கப்பட்டதா என்பதை அந்த வாசகம் சொல்வதில்லை. சீனச் சமையலில் அரிசி மதுவும், ஜப்பானியச் சமையலில் 'மிரின்' என்ற இனிப்பு மதுவும் சேர்ப்பதுண்டு. அதைப் பற்றியும் அந்த அறிவிப்பில் ஒன்றும் இராது.

நீங்கள் தேட வேண்டியது சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழை. 'முயிஸ்' என்று அழைக்கப்படும் இம்மன்றம் 1978 முதல் இதை வழங்கி வருகிறது. பொருட்கள் எங்கிருந்து வருகின்றன, சமையலறை எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்தே கொடுக்கிறார்கள். சான்றிதழ் உள்ள கடைகளில் சீனச் சாப்பாட்டையும் மேல்நாட்டுச் சாப்பாட்டையும் மனநிம்மதியோடு ருசிக்கலாம். சான்றிதழ் பெறுவது கட்டாயமல்ல என்பதால், முஸ்லிம்கள் நடத்தும் சில சிறு கடைகளில் அது இல்லாமலும் இருக்கும். அங்கே நேரில் விசாரியுங்கள். சந்தேகம் தீராவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த கடை தூரத்தில் இல்லை.

கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள். நாளை படிக்கவோ வேலைக்கோ தனியே வெளிநாடு போனால், இன்ஷா அல்லாஹ், அவர்களும் கேட்டுத்தான் சாப்பிடுவார்கள்.