தடையில்லையாம்!

சொந்தக் காசுல, சொந்த லீவுல அப்பாவோட பத்து நாள் பாரிஸ் போய்ட்டு வரணும்னு ஆசைப்பட்டேன் மக்களே. ஷெங்கன் டூரிஸ்ட் விசாவுக்கு சம்பள சிலிப், பேங்க் ஸ்டேட்மெண்ட், 30,000 யூரோவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் எல்லாம் ரெடி. அப்பா ரிட்டையர் ஆனவர். பென்ஷன் பேப்பரோட அவர் ஃபைல் முடிஞ்சுது. எனக்கு மட்டும் ஆபீஸ்ல இருந்து என்.ஓ.சி. வேணும்.

கேட்டதும் மேனேஜர் பார்த்த பார்வை இருக்கே! "அங்க வேலை தேடறியா?"ன்னார். "ரிலீஸ் முடியட்டும், பார்க்கலாம்"னு மூணு வாரம் இழுத்தடிச்சார். அதுக்குள்ள டிக்கெட் விலை எங்கயோ போயிடுச்சு.

என் கட்சி இதுதான். தூதரகம் கேக்கறது முதலாளியோட அனுமதியை இல்லை. இவன் திரும்பி வருவாங்கறதுக்கு ஒரு சாட்சியை. எப்ப சேர்ந்தான், என்ன வேலை, என்ன சம்பளம், எந்தத் தேதியில இருந்து எதுவரைக்கும் லீவு. நாலு வரி போதும். லீவு அப்ரூவ் ஆன அன்னிக்கே ஹெச்.ஆர். தரவேண்டிய காகிதம் அது, சலுகை இல்லை. 'தடையில்லை'ங்கற பேருதான் மேனேஜரை விசா ஆபீசர் ஆக்கிடுது :-)

இதுக்குப் பயந்து வேலையையே மறைச்சு அப்ளை பண்ணலாமான்னு யோசிக்கறவங்களுக்கு: வேணாம். நாம திரும்பி வருவோங்கறதுக்கு நம்ம வேலைதான் பெரிய ஆதாரம். ரிஜெக்ட் ஆனா, 2024 ஜூன்ல 80-ல இருந்து 90 யூரோவா ஏறின ஃபீஸும் திரும்ப வராது.

அப்பா கேட்டார்: "சம்பாதிக்கற உனக்குத்தான் பர்மிஷன் வேணுமாடா?"

பதில் சொல்லத் தெரியலை.