நம் அடுப்பின் கணக்கை நமக்கே மறைப்பதா?

தோழர்களே! புள்ளிவிவரம் என்பது டில்லி அதிகாரிகளின் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. அது நம் அடுப்பின் கணக்கு.

1950இல் பேராசிரியர் மஹலநோபிஸின் முயற்சியால் தேசிய மாதிரி சர்வே துவங்கியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதே அதன் முறை. குலுக்கலில் எடுத்ததுபோல் சில கிராமங்கள், சில தெருக்கள், அவற்றில் சில வீடுகள். சென்ற மாதம் எவ்வளவு அரிசி, எவ்வளவு எண்ணெய், என்ன விலை என்று கேட்டு எழுதுவார்கள்.

அந்தக் கணக்குக்கு வலிமை உண்டு. 2013ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எந்த ராஜ்யத்தில் எத்தனை பேருக்கு ரேஷன் தானியம் என்பதை 2011–12 சர்வேயை வைத்தே நிர்ணயித்தார்கள்.

2017–18இல் மறுபடி கேட்டார்கள். விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் கிராமத்து ஜனங்களின் செலவு குறைந்துவிட்டது என்ற செய்தி பத்திரிகையில் கசிந்தது. 2019 நவம்பரில் மத்திய சர்க்கார், தரம் சரியில்லை என்று சொல்லி அறிக்கையை வெளியிட மறுத்தது. அடுத்த கணக்கு 2024இல்தான் வெளிவந்தது.

குறை இருந்தால் கணக்கையும் குறையையும் சேர்த்தே வெளியிட்டிருக்கலாமே! தராசை ஒளித்துவைக்கும் கடைக்காரனை நாம் நம்புவோமா?

சர்வேக்காரர் வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்வோம். சொன்னது முழுமையாக, காலத்தில் வெளிவர வேண்டுமென்று ஒவ்வொரு சங்கத்திலும் தீர்மானம் போடுவோம்!