துறைமுகத்திலேயே தடுத்திருக்க வேண்டும்

எங்கள் ஜேடர்பாளையத்து ஆலைக்கொட்டகையில் வெல்லம் வெளுப்பதற்காக ஹைட்ரோஸ் போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையினர் வந்து மாதிரி எடுக்கிறார்கள். பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகவேண்டிய சிப்பங்களைப் பறிமுதல் செய்கிறார்கள். செய்யட்டும், தின்பவர் உடம்பு கெடக்கூடாது. ஆனால் டேபென்டடாலும் கரிசோப்ரோடாலும் கலந்த மாத்திரைகள் கப்பலேறியபோது இந்தக் கண்டிப்பு எங்கே போயிற்று?

ஓபியாய்டு வலிநிவாரணியையும் அடிமைப்படுத்தும் தசைத்தளர்த்தி மருந்தையும் சேர்த்த இந்தக் கலவையை இந்தியாவில் விற்க அனுமதி கிடையாது. அப்படியிருந்தும் இங்கே தயாராகி கானா, நைஜீரியா, கோட் டிவார் இளைஞர்களின் கைக்குப் போதைப்பொருளாகப் போய்ச் சேர்ந்தது. 2025 பிப்ரவரியில் பிபிசி அம்பலப்படுத்திய பிறகுதான் உற்பத்தி அனுமதியும் ஏற்றுமதிக்கான தடையின்மைச் சான்றும் திரும்பப் பெறப்பட்டன. நம் ஊர்ப் பிள்ளைக்கு ஆகாத மாத்திரை ஆப்பிரிக்கப் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்? இதற்குச் சான்று கொடுத்த அதிகாரிகளை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். போதையைப் பிற நாட்டுக்கு ஏற்றி விற்ற கதை நம் மண்ணுக்குப் புதிதல்ல. காசிப்பூரில் அபினை உருண்டை பிடித்து, கசகசாப் பூவிதழை அடுக்கடுக்காகச் சுற்றி, மாமரப் பெட்டிக்கு 40 உருண்டையாக வைத்துக் கல்கத்தாவில் ஏலம் விட்டது வெள்ளைக்கார அரசு. அவை சீனாவுக்குப் போயின. அபினால் பெரிய கேடில்லை என்று 1895இல் ராயல் கமிஷனே எழுதிக் கொடுத்தது. நாம் விற்காவிட்டால் துருக்கிக்காரன் விற்பான், பாரசீகக்காரன் விற்பான் என்றும் வாதாடினார்கள்.

அந்த வாதத்துக்கு 1909 பிப்ரவரியில் ஷாங்காயில் பதில் கிடைத்தது. பிஷப் பிரென்ட் தலைமையில் கூடிய 13 நாடுகள், அபினைத் தடைசெய்த நாட்டுக்கு அது போகாதபடி புறப்படும் துறைமுகத்திலேயே தடுப்பது எல்லா நாடுகளின் கடமை என்று தீர்மானித்தன. 1912 ஜனவரி 23இல் கையெழுத்தான ஹேக் ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவில் அது ஏறியது. பிரிட்டனும் கையெழுத்திட்டது. ஆனாலும் மருத்துவத்துக்கு அல்லாத அபின் ஏற்றுமதியை முழுவதும் நிறுத்த 1935 ஆயிற்று. வருமானத்தை விட மனம் வரவில்லை.

வருமானம் போகுமே என்ற சாக்கு எங்களிடம் எடுபடாது. 1937 அக்டோபர் 1இல் முதன்முதலில் மதுவிலக்கு வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். ஜேடர்பாளையமும் அதற்குள்தான் இருந்தது. வருமான இழப்பை ஈடுகட்ட ராஜாஜி 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். மனமிருந்த அரசு வேறு வழி தேடிக்கொண்டது.

ஆகவே அனுமதியை ரத்து செய்ததோடு கோப்பை மூடிவிடக் கூடாது. இந்தக் கலவைக்கு எந்த ஆண்டு, யார் கையெழுத்தில், எத்தனை சான்றுகள் கொடுக்கப்பட்டன என்பதை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட வேண்டும். கையெழுத்திட்டவர்கள் மீது விசாரணை வேண்டும். போதை தரும் எந்த மருந்தானாலும், வாங்கும் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எழுத்தில் கொடுக்கும் இறக்குமதி அனுமதியை நேரடியாகச் சரிபார்க்காமல் ஒரு பெட்டிகூடத் துறைமுகம் தாண்டக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அடுத்த கூட்டத்தொடரிலேயே இயற்ற வேண்டும்.